சண்டையைப் பிரிண்ட் எடுத்தவர்

கோவிந்தாபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மூன்று வயது மகளை மடியில் வைத்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் சொன்னார்:

"நானும் எம்பட சம்சாரமும் போன்ல மெசேஜ் அனுப்பிச் சண்டை போட்டதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக் குடுத்தனுங்கக்கா."

"ஆருகிட்ட சாமி?"

"விசாவுக்குங்க. அவ கனடாவுல நர்சு. எங்க ரெண்டு பேத்தையும் ஸ்பான்சர் பண்ணியிருக்கறா. நெசமாவே புருசன் பொண்டாட்டியான்னு சாட்சி கேட்டாங்க. பாப்பாவுக்கு ஆறு மாசத்துலயே அவ போயிட்டாளுங்க. சேந்து எடுத்த போட்டோ நாலுதான் இருந்துச்சு."

"சண்டையப் படிச்சா விசா தருவாங்களா?"

"நானும் பயந்தனுங்க. பாப்பாவுக்குக் காச்சல்னு நான் சொல்லாம உட்டதுக்கு அவ திட்டுனதுதான் பாதி. நேத்து ரெண்டு பேத்துக்கும் விசா வந்துருச்சுங்க."

"அவ என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் அழுதாளுங்க. அப்பறம் பாப்பாவோட செருப்பு அளவு கேட்டா."