ஐந்தாவது அட்மிஷன்

— யுனிவர்சிட்டில பாடம் எடுக்கிறவருன்றீங்க. இந்த வெயில்ல எங்க கடம்பத்தூர்ல ஊடு ஊடா நோட்டீஸ் குடுத்துக்கினு கீறீங்களே, இன்னா சார் இது?

— லீவு விட்டா எங்களுக்கு இதாம்மா வேலை. ஆளுக்கு அஞ்சு பேரைச் சேத்து விடணும். நான் ரங்கா, கணக்கு ப்ரொஃபசர். நீங்க சுமலதாவோட அம்மாதானே?

— ஆமா, ஜோதிலட்சுமி. கணக்கு வாத்தியாரா? அட கடவுளே! மோரு குடிக்கிறீங்களா? எங்க ஊட்ல குடிப்பீங்கல்ல?

— பேஷா. பொண்ணு எவ்வளவு மார்க்?

— அறுநூறுக்கு ஐநூத்தி நாப்பது. எங்க வகையறாவுலயே இவ்ளோ படிச்சது அதான் மொதல்ல. ஒங்களுக்கு எத்தினி பேரு ஆச்சி?

— நாலு. நாளைக்குக் கடைசி நாள்.

— அஞ்சு ஆவலைன்னா? அடிப்பாங்களா?

— அடிச்சாக்கூட வாங்கிப்பேன். எனக்கு கவர்மென்ட் காலேஜ்ல வேலை கெடைச்சிருக்கு, பாருங்கோ. திங்கக்கிழமை சேரணும். இங்க விட மாட்டேங்கறா.

— போய்க்கினே இருக்க வேண்டியதுதான? காலைக் கட்டியா வெச்சிக்கிறாங்க?

— அதை விடுங்கோம்மா. மார்க் ஷீட், டி.சி. இருக்கா?

— இதோ, பைலோட கொண்ணாந்துட்டேன். ஜெராக்ஸ் போதுமா?

— போதாது. ஒரிஜினல் வேணும். ஆபீஸ்ல வாங்கி வெச்சுப்பா.

— எப்ப திருப்பித் தருவாங்க?

— படிப்பு முடிஞ்சதும்.

— நாலு வருசமா? நடுவுல வேற நல்ல எடம் கெடச்சா?

— கேட்டாலும் தர மாட்டா. பொய் சொல்ல எனக்கு வாய் வரலை.

— ஒங்க சர்டிபிகேட்டுலாம் எங்க சார் கீது? ஊட்லியா?

— இல்லை. அதே ஆபீஸ் பீரோலதான்.

— ஒங்களுதுமா? ஒங்களுக்கு இன்னும் படிப்பு முடியலையா?

— சிரிக்காதீங்கோ. வேலைக்குச் சேந்த அன்னிக்கே வாங்கி வெச்சுண்டா. அது இல்லாம கவர்மென்ட்ல சேத்துக்க மாட்டா. அஞ்சு அட்மிஷன் ஆனா எடுத்துத் தரேன்னு டீன் சொல்லியிருக்கார். ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே எறங்கலைம்மா.

— நான் சிரிக்கல சார். நான் படிக்காதவ, சரியா புரிஞ்சிக்கினனான்னு மட்டும் சொல்லுங்க. எம் பொண்ணுத அந்த பீரோல வெச்சாத்தான் ஒங்களுது வெளிய வரும், அப்டித்தான?