ஆபீஸ் ரூம் குறித்து வக்கீல் குமாஸ்தா முருகையன் சொன்னது

என் பெயர் முருகையன். தகப்பனார் பெயர் சாமிநாதன். வயது 64. தொழில் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் காலமாகிவிட்டதால் தொழில் இல்லை என்று எழுதிக்கொண்டாலும் சரிதான். மயிலாப்பூர் மாங்கொல்லைப் பக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறையில் மகன், மருமகளோடு வசிக்கிறேன். இன்று 21-9-1977 புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, சப் இன்ஸ்பெக்டர் ரகுபதி அவர்கள் விசாரிக்க இதைச் சொல்கிறேன். ஆயிரம் வாக்குமூலத்துக்கு மேல் என் கையால் நகல் எடுத்திருக்கிறேன். நானே கொடுப்பது இது இரண்டாவது. முதலாவதைப் பற்றித்தான் இப்போதைய புகார்.

புகாரில் கண்ட கோபாலபுரம் பங்களா 1902-ல் ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் கட்டியது. வாசலில் நான்கு பர்மா தேக்குத் தூண்கள் உண்டு. அதைப் படம் எடுக்க இப்போதும் யாராவது வருகிறார்கள். 1938-ல் திருநெல்வேலியிலிருந்து வந்த வக்கீல் அய்யாதுரை அவர்கள் அதை வாங்கிக் குடிவந்தார்; அதே வருஷம் நான் அவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வீட்டில் மொத்தம் ஒன்பது அறைகள். வாசலுக்கு இடது கைப்பக்கம் இருந்த அறையில் ஐயா கட்சிக்காரர்களைப் பார்ப்பார். அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர். சமையல்காரர், பால்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மெட்ராசில் வக்கீல் வீடு என்று இருந்தால் ஆபீஸ் ரூம் என்று ஒன்று இருக்கும். அதனால் அந்த வீடு ஆபீஸ் ஆகிவிடாது. மற்ற எட்டு அறைகளிலும் குடும்பம் இருந்தது. ஐயாவின் மகள் பங்கஜத்துக்கு அப்போது ஏழு வயது. மகன் ஜவஹர் மறு வருஷம் பிறந்தார். இருவரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். பங்கஜத்தை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். இதில் பங்கஜம் அம்மாள் என்றே எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு பங்கஜம் அம்மாளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து, இரண்டே வருஷத்தில் புருஷன் மஞ்சள் காமாலையில் இறந்து, திரும்பி வந்துவிட்டார்கள். அன்று முதல் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார்கள். ஐயா 1972-ல் உயில் எழுதினார். வீடு மகனுக்கு, ஆனால் வீடு குடியிருப்பாக இருக்கும் காலம் வரை மகள் அதில் வசிக்கலாம், யாரும் வெளியேற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஐயா சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அந்த வரி என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

1973 கார்த்திகையில் ஐயா காலமானார். அதன் பிறகு என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் வழக்கம்போலக் காலை ஒன்பதரைக்குப் போய், ஆபீஸ் ரூமைத் திறந்து, சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டி, ஐந்து மணிவரை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். கட்சிக்காரர் ஒருவரும் வரமாட்டார்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பங்கஜம் அம்மாள் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைப்பார்கள். என் வீட்டில் இருப்பது ஒரே அறை. பகல் முழுக்க நான் அங்கே உட்கார்ந்திருந்தால் மருமகள் தலைவாரக்கூட இடம் இல்லை. அந்த நாற்காலி ஒன்றுதான் நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜவஹர் கல்யாணமான நாளிலிருந்து அடையாற்றில் தனி வீட்டில் இருக்கிறார். சென்ற வருஷம் கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பம்பு கம்பெனிக்காரர்கள் அவரிடம் வந்து, நகரத்துக்குள் தலைமை ஆபீஸ் வைக்க இந்த பங்களா வேண்டும் என்று கேட்டார்கள். பழைய தூணும் உயரமான கூரையும் இருந்தால் கம்பெனிக்கு ஒரு மதிப்பு என்று அவர்களுக்கு எண்ணம். ஆனால் புதிதாக அமலுக்கு வந்த நகரத் திட்டத்தில் எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி. வீட்டை ஆபீசாக மாற்ற அனுமதி கிடைக்காது. திட்டம் வருவதற்கு முன்பிருந்தே ஆபீசாக இருந்த கட்டிடம் என்று நிரூபித்தால் மட்டும் அப்படியே தொடரலாம். இதை ஜவஹர் எனக்கு விளக்கிச் சொன்னார். விளக்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் பிறகு அவர், "அண்ணாச்சி, வாரவங்களை விசாரிச்சு உள்ளே அனுப்ப ஒரு பெரிய மனுஷர் வேணும்னு கம்பெனியில கேக்காங்க. உங்களைத்தான் சொல்லியிருக்கேன். அதே ரூம், அதே நாற்காலி" என்றார். பங்கஜம் அம்மாள் எங்கே போவார் என்று நான் கேட்டேன். "அக்காவுக்கு நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொன்னார். என்ன பார்த்துக்கொள்வார் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

9-3-1977 புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு நகரமைப்பு அதிகாரி ஒருவர் பங்களாவைப் பார்வையிட வந்தார். பங்கஜம் அம்மாள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஜவஹர் வரச் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி கோவிந்தம்மாவிடம் அதிகாரி முதலில், இது வீடா ஆபீசா என்று விசாரித்தார். அவள் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே, "வூடுதான் சாமி. உள்ள அடுப்பு எரியுது, கொடியில புடவ காயுது. ஆபீஸ்ல இன்னாத்துக்கு அடுப்பு எரியப் போவுது?" என்றாள். ஜவஹர் சிரித்துவிட்டு, அவளுக்கு ஒன்றும் தெரியாது, முப்பத்தைந்து வருஷம் இங்கேயே இருந்த குமாஸ்தா உள்ளே இருக்கிறார் என்று சொல்லி அதிகாரியை ஆபீஸ் ரூமுக்கு அழைத்து வந்தார். கோவிந்தம்மா சொன்னதை யாரும் எழுதவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பேசியவர்களில் முழு உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அதிகாரி என் எதிரில் உட்கார்ந்து, "இங்கே ஆபீஸ் எவ்வளவு நாளா இருக்கு பெரியவரே?" என்று கேட்டார். "ஆபீஸ் ரூம் முப்பத்தெட்டுலேருந்து இருக்கு சார்" என்று சொன்னேன். அது உண்மை. மேசை, பீரோ, கட்டுக்கட்டாக வழக்குக் காகிதங்கள் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தன. அவர் எழுதி முடித்து, படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில், 'இக்கட்டிடம் 1938-ம் ஆண்டு முதல் இன்றுவரை அலுவலகமாகப் பயன்பட்டு வருவது எனக்கு நேரில் தெரியும்' என்று இருந்தது.

நான் சொன்னது அறை. எழுதியிருந்தது கட்டிடம். இரண்டு தடவை படித்தேன். அந்த ஒரு சொல்லை அடித்து, மேலே அறை என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்க ஒரு நிமிஷம் போதும். வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே அதுதான். பேனாவைத் திறந்தேன். ஜவஹர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் என்னை மிரட்டவில்லை, ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. நாளை முதல் மாங்கொல்லை அறையில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதை நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஜூன் மாதம் அனுமதி வந்தது. 14-7-1977 வியாழக்கிழமை நாலு மணிக்குப் பங்கஜம் அம்மாள் பள்ளிக்கூடப் பையைக்கூட வைக்காமல் ஆபீஸ் ரூமுக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்து, "தம்பி ரிஜிஸ்தர் தபால்ல என்னமோ அனுப்பியிருக்கான் அண்ணாச்சி. இங்கிலீஷ்ல இருக்கு, வக்கீல் பாஷை எனக்குப் புரியலை. படிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். அந்த வீட்டுக்கு வந்த எல்லா நோட்டீசையும் படித்துச் சொல்வது நான்தான். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு 1938 முதலே குடியிருப்பு அல்ல, ஆகவே உயிலின்படி உமக்கு வசிக்கும் பாத்தியதை இல்லை, முப்பது நாளில் காலி செய்ய வேண்டியது என்று இருந்தது. காலஞ்சென்ற வக்கீலின் குமாஸ்தா முருகையன் கொடுத்த வாக்குமூலமே இதற்கு ஆதாரம் என்று மூன்றாவது பாராவில் இருந்தது. அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. சற்று நேரம் பொறுத்து, யாரோ ஒரு சாட்சி சொன்னதாகப் போட்டிருக்கிறது என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனேன். பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். மார்ச் மாதம் செய்ததையாவது ஒரு சொல்லில் வந்த பிசகு என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இது பச்சைப் பொய்.

காலி செய்ய மறுத்ததால் ஜவஹர் ஆகஸ்டில் வழக்குப் போட்டார். பங்கஜம் அம்மாள் தியாகராய நகரில் ஒரு வக்கீலைப் பார்க்க, அவர் நோட்டீசை முழுக்கப் படித்துச் சொல்லியிருக்கிறார். 16-9-1977 வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போலக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அன்னைக்கு நோட்டீஸ் படிக்கையில நடுவுல நின்னுட்டிய அண்ணாச்சி. தொண்டை காஞ்சுபோச்சுன்னு நெனச்சு நான் உள்ளே ஓடிப்போய்த் தண்ணி கொண்டாந்தேன்" என்று மட்டும் சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை எடுத்துப் போனார்கள். அந்தக் காப்பியை நான் குடித்திருக்கக் கூடாது. திங்கட்கிழமை இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அன்று முதல் நான் அங்கே போகவில்லை.

இன்று காலை என் மகன் கனகராஜ், "இன்னாத்துக்கு நைனா வம்பு? கண்ணாடி போடல, இன்னா எழுதிக்கீதுன்னு தெரியலன்னு சொல்லிட்டு வந்துடு" என்றான். வயதானவன் என்று விட்டுவிடுவார்கள் என்பது அவன் எண்ணம். அது நிற்காது. வக்கீல் குமாஸ்தா படிக்காமல் கையெழுத்துப் போட்டான் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்விகளை நானே வரிசையாக எழுதித் தருவேன். ஐந்தாவது கேள்வியில் நான் விழுந்துவிடுவேன். என்னோடு பங்கஜம் அம்மாளின் வழக்கும் விழும். நான் படித்தேன், புரிந்துகொண்டேன், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்பது ஒன்றுதான் நிற்கும். இதற்குத் தண்டனை உண்டு. எத்தனை வருஷம் என்பதும் தெரியும். வருகிற திங்கட்கிழமை 26-9-1977 அன்று வழக்கு விசாரணைக்கு வருகிறது. அன்று நான் கூண்டில் ஏறுவேன்.

எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் என் மனசு எப்படிப் போகும் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஜவஹர் என் வீட்டு வாசலில் வந்து நின்றால் போதும், இளகிவிடுவேன். போலீசில் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது. அந்த ஓட்டை வழியாக ஐயா எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறார். ஆனால் ஒருவன் தன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, போலீஸ் அல்லாத ஒருவரிடம் கொடுத்தால் அது செல்லும். ஆகவே சப் இன்ஸ்பெக்டர் அவர்களிடம் கேட்டுக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் இந்த நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் நகல் எடுத்திருக்கிறேன். இது அந்த நகல். இதில் உள்ளது முழுக்க உண்மை; கண்ணாடி போட்டுக்கொண்டு, தெளிந்த புத்தியோடு எழுதினேன்.

பாப்பா, திங்கட்கிழமை நான் கூண்டில் மாற்றிப் பேசினால் தயங்காமல் இதை எடுத்து உன் வக்கீலிடம் கொடு.

(ஒப்பம்) சா. முருகையன்
21-9-1977