மூணு ஏழு

— ஜெபசிங் சார், நீங்க ஆயிரம் வாட்டி போன் பண்ணுங்க. அந்த ஃபைலுக்கு மூணு ஏழு போட நா சொல்லித்தர மாட்டேன்.

— லுப்னா, கேட்டுக்கு வெளிய எரநூறு லாரி நிக்கி, பாத்துக்க. எண்ணூர் ரோடு முழுக்க ட்ரெய்லரா கெடக்கு. காலைலேருந்து நம்ம கன்டெய்னர் யார்டுல ஒரு டோக்கன் அடிக்கல. என் மச்சான் ஷிபின் சொல்லுதான், மூணு ஏழு குடுத்தா எல்லாம் தொறந்துரும்னு.

— டோக்கன் டேட்டாபேஸ் பாக்குற டூல நேத்து அப்டேட் பண்ணது அவருதான? பண்ணிட்டு இப்ப இன்னாவாம்? ஸ்கிரீன்ல இன்னா வருது, அத படிங்க.

— பெர்மிஷன் தப்பா இருக்காம். இந்த ஃபைல யாரு வேணாலும் மாத்தலாம்னு இருக்கதால தொறக்க முடியாதாம். இங்கிலீஷ்ல போட்டுருக்கான்.

— பாத்தீங்களா? மூணு ஏழு ஏற்கெனவே போட்டு வெச்சிகீறீங்க. யாரு வோணா படிக்கலாம், யாரு வோணா மாத்தி எய்தலாம். பழைய வெர்ஷன் அத கண்டுக்கல. புதுசு கண்டுபுட்ச்சி நின்னுகிச்சு. அதுக்கு கீற ரோசம் கூட நம்ம யார்டுல யாருக்கும் இல்ல.

— நீ என்ன வேணா பேசு பிள்ள. சரி பண்ணிக் குடு. மேனேஜர் நான், ஒன்கிட்ட கெஞ்சுதேன்லா.

— போன மாசம் என்ன வேலைய உட்டு தூக்குனப்ப நானும் கெஞ்சினேன் சார்.

— கம்ப்யூட்டர்ல ஒன் பேருதான கெடந்துச்சு? பதினோரு வண்டிய வரிசைல முன்னால தள்ளுனது லுப்னான்னு பதிஞ்சிருந்தா நான் என்ன செய்ய?

— அந்த பதினோரு வண்டியால பின்னால போனவரு டோக்கன் நாப்பத்தி மூணு. மாரியப்பன். ரெண்டு நாளா வண்டிக்குள்ளயே படுத்து கெடந்த மனுசன். எங்க ராயபுரம் வூட்டு வாசல்ல வந்து நின்னு, உன்ன நம்பினேனேமான்னு ஒரே வார்த்த கேட்டுட்டு போனாரு. தெருவே பாத்துச்சு. எங்கம்மா அன்னிலேர்ந்து தண்ணி புடிக்க கூட வெளிய போறது இல்ல.

— சரிம்மா, நடந்தது நடந்துட்டு. ஆமா, ஒன் பக்கம் என்ன இவ்வளவு ஹாரன் சத்தம்?

— நம்ம ஏரியால ஹாரன் அடிக்காத எடம் எது சார்? தோ, நா சொல்றத டைப் பண்ணுங்க. எல், எஸ், ஒரு எடம் உட்டு கோடு, எல். அப்பால அந்த ஃபைல் பேரு. எண்டர் தட்டுங்க.

— தட்டிட்டேன். ஒத்த வரி வந்துருக்கு. ஆர், டபிள்யூ, எக்ஸ். மூணு தடவ அதேதான்.

— அதான் உங்க மூணு ஏழு. அத எட்த்துட்டு ஆறு நாலு பூஜ்யம் போடணும். ஓனர் மட்டும் எய்தலாம், டூலு படிக்கலாம், மத்தவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா ஓனர் யாருன்னு பாக்காம அத போட முடியாது. வரில ஃபைல் பேருக்கு முன்னால தேதி கீது பாருங்க, இன்னா தேதி?

— ஜூன் ஏழு.

— பக்ரீத். நா லீவு. பதினோரு வண்டி முன்னால போனதும் அன்னிக்குத்தான். இப்ப ஃபைல தொறங்க. உள்ள யூசர் பேரு, பாஸ்வேர்டுன்னு ரெண்டு வரி கீதா?

— இருக்கு... ரெண்டும் ஒன்னோடதுதான்.

— நா எய்தல. யாரோ எய்தி வெச்சிகீறாங்க. டூலு அந்த பேர்லதான் டேட்டாபேஸ்குள்ள போவுது. அப்பால கவுண்டர்ல யாரு உக்காந்து இன்னா பண்ணாலும் லுப்னா பண்ணான்னுதான் பதிவாவும். லீவு போறப்போ அவசரத்துக்குன்னு ஒரே ஒருத்தர்கிட்டதான் அந்த பாஸ்வேர்ட குட்த்தேன். சார், மொத வந்த வரிக்கு வாங்க. ஆர் டபிள்யூ எக்ஸுக்கு அப்பால ஒரு நம்பரு, அத ஒட்டி ஒரு பேரு. அதான் ஃபைலோட ஓனரு. படிங்க.

— லுப்னா, நீ திரும்பி வந்துரு. நாளைக்கே பழைய வேலைய தாரேன்.

— வேலை வோணாம். படிங்க.

— பண்டிகை நாள்னு கவுண்டர மூட முடியாதுலா? மேலேருந்து போன் மேல போன், அந்தப் பதினோரு வண்டிய உள்ள விடுன்னு. ஒன் பேர்ல பதியும்னு சத்தியமா எனக்கு அப்ப தெரியாது.

— பதிஞ்சதுக்கு அப்பால தெரிஞ்சுச்சு இல்ல? தெரிஞ்சிகினேதான என்ன அனுப்புனீங்க? ஓனர் பேர படிச்சாதான் அடுத்த வரி சொல்வேன். எரநூறு வண்டியும் நிக்கட்டும்.

— ஜெபசிங்.

— கேக்கல சார்.

— ஜெபசிங். என் பேருதான், போதுமா? இது நமக்குள்ள இருக்கட்டும், என்ன? இப்ப சொல்லு, அடுத்து என்ன அடிக்கணும்?

— டோக்கன் நாப்பத்தி மூணு, மாரியப்பன் பேசறேன் நைனா. லுப்னாம்மா உன் கேட்டாண்டதான் நிக்குது, போனு ஸ்பீக்கர்ல கீது, நாங்க எல்லாரும் கேட்டுகினுதான் கீறோம். மொதல்ல அந்த பொண்ணு பேர உள்ளேர்ந்து அழி. அப்பால ஆறு நாலு பூஜ்யம் போடு.