படம் வரைந்தவர் பெயர்

பெரியவள்: ...இதுவும் வேண்டாம். இந்த டாக்டரப் பாரு. ஊசியக் கையில வச்சுக்கிட்டு எப்படி இளிக்கிறான். பிள்ளைங்க பார்த்தா அலறும்.

சின்னவள்: இலவசமா குடுக்கிற படத்துல எல்லா டாக்டரும் சிரிக்கத்தான் செய்வாங்கக்கா.

பெரியவள்: அடுத்தத காட்டு.

சின்னவள்: இது ஆம்புலன்ஸ். நல்லாத்தான இருக்கு?

பெரியவள்: கோடு தடிமன் பார்த்தியா? ஆம்புலன்ஸ் தடிச்ச கோடு, அதே தொகுப்புல கட்டில் மெல்லிசு. ரெண்டையும் ஒரே பக்கத்துல வச்சா, ஒரு கால்ல செருப்பு ஒரு கால்ல ஷூ போட்ட மாதிரி இருக்கும்.

சின்னவள்: ஃபோன்ல விரல் நகம் அளவுதான் வரப்போகுது. யாருக்குத் தெரியப்போகுது...

பெரியவள்: எனக்குத் தெரியும்ல.

சின்னவள்: சரி சரி. முறைக்காதீங்க.

பெரியவள்: குழந்தைங்க ஆஸ்பத்திரிடி இது. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, ஒத்தக் கையால ஃபோனத் தடவுற ஒருத்திக்காகச் செய்யுற வெப்சைட். எழுத்து படிக்கிற நிதானம் அவளுக்கு ஏது? படத்தப் பார்த்த உடனே விரல் தானா போகணும்.

சின்னவள்: அப்போ முதல்ல எடுத்தீங்களே, அந்தத் தொகுப்பையே வச்சுக்கலாமே. அதான உங்களுக்குப் பிடிச்சிருந்தது.

பெரியவள்: பிடிச்சிருக்கு. பிடிச்சு என்ன பண்ண? வரைஞ்ச ஆளோட பேர் இல்லையே. "மொட்டைமாடி"ன்னு ஒரு பட்டப்பேர். கீழ, "யார் வேணாலும் எடுத்துக்கோங்க"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.

சின்னவள்: எடுத்துக்கச் சொல்லிட்டாங்கல்ல. எடுத்துக்க வேண்டியதுதான?

பெரியவள்: எத்தன தடவ சொல்றது... ஆஸ்பத்திரியில ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. நாளைக்கு எவனாவது வந்து, அது என் படம்னு நின்னா? வரைஞ்சவங்க முழுப் பேர் பக்கத்தோட அடியில இருக்கணுமாம். மதியத்துக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா படத்த மாத்தணும்.

சின்னவள்: மாத்துறதுன்னா... மொத்தமுமா?

பெரியவள்: பின்ன, பாதியா மாத்துவாங்க?

சின்னவள்: அந்த மருந்து ஊத்துற கை... அதையுமா?

பெரியவள்: அதையும்தான். ஏன், உனக்கென்ன?

சின்னவள்: எனக்கென்ன. ஒண்ணுமில்ல. நல்லா இருந்துச்சேன்னு...

பெரியவள்: நல்லா இருந்துச்சுதான். தேடு, தேடு. நேரம் போகுது.

அத்தை: ஏம்மா பெரியவளே, படிக்கிற பொண்ண எதுக்கு இங்க இழுத்து வச்சிருக்க? அடுத்த மாசம் அவளுக்கு பேங்க் பரிட்சை.

பெரியவள்: கொஞ்ச நேரம்தான் அத்தை. ஒரு படம் தேடிக் குடுத்துட்டுப் போயிடுவா.

அத்தை: என் சின்னப் பையன் பொண்டாட்டி புத்தகம் வைக்கன்னே பின்னறையில ஷெல்ஃப் அடிச்சுக் குடுத்திருக்கான். கதவச் சாத்திக்கிட்டு காலையில உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறா. வீட்டுல நாங்க இருமுறதுக்குக்கூட யோசிக்கிறோம். நீ என்னடான்னா...

சின்னவள்: போயிடுறேன் அத்தை. இதோ, இப்பவே...

அத்தை: முகம் ஏன் வாடிக் கிடக்கு? ராத்திரியும் படிச்சியா? பால் வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள குடி.

பெரியவள்: ...போயிட்டாங்க. நீ உட்காரு.

சின்னவள்: பால் ஆறிடும்.

பெரியவள்: ஆறட்டும், உட்காருடி. இந்தக் கட்டில் எப்படி?

சின்னவள்: கம்பி ரொம்ப நெருக்கமா இருக்குக்கா. சின்னதாக்கினா அப்பிக்கும். மூணு கம்பிக்கு மேல வைக்கவே கூடாது.

பெரியவள்: அட. இதெல்லாம் எப்போ கத்துக்கிட்ட?

சின்னவள்: நீங்கதான ஒரு நாள் சொன்னீங்க.

பெரியவள்: நான் சொன்னேனா?

சின்னவள்: சொன்ன மாதிரி இருக்கு...

பெரியவள்: இருக்கும், இருக்கும். எனக்குத்தான் மறதி. ஆனா ஒண்ணு, அந்த மொட்டைமாடி ஆளும் ஒண்ணும் பெரிய புலி இல்ல. தெர்மாமீட்டரப் பாரு, கோணலா வரைஞ்சு வச்சிருக்கு.

சின்னவள்: கோணல் இல்லக்கா, சாய்வு. நேரா நிறுத்தினா பேனா மாதிரி ஆயிடும். அத எப்படி எப்படியோ வச்சுப் பார்த்து...

பெரியவள்: பார்த்து?

சின்னவள்: ...பார்த்துத்தான் வரைஞ்சிருப்பாங்கன்னு சொல்றேன்.

பெரியவள்: யாரோ ஆம்பளையாத்தான் இருக்கும்.

சின்னவள்: ஏன்? ஆம்பளைக்கு மட்டும்தான் கோடு போட வருமா?

பெரியவள்: சும்மா சொன்னேன்டி. எதுக்கு இப்படிச் சீறுற?

சின்னவள்: சீறல.

பெரியவள்: யாரா இருந்தா என்ன, பாவம். எத்தனையோ பேரு எடுத்துப் போட்டிருக்காங்க. பல் டாக்டர், பள்ளிக்கூடம், பேக்கரி. எடுத்தவன் ஒருத்தனாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பானா?

சின்னவள்: ஏன் சொல்லல? ஒரு முடிவெட்டுற கடைக்காரர் எழுதியிருந்தாரே. "உங்க சீப்புப் படத்தப் பார்த்துட்டு கடைக்கு வந்தவங்க யாரு வரைஞ்சதுன்னு கேட்கிறாங்க"ன்னு.

பெரியவள்: எங்க எழுதியிருக்கு? நான் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணுல படலையே.

சின்னவள்: அது... உள்ள போனாத்தான் தெரியும்.

பெரியவள்: உள்ளன்னா? படத்த ஏத்தினவங்களுக்கு மட்டும் தெரியுமே, அந்த உள்ளயா?

சின்னவள்: எங்கயோ பார்த்தேன்க்கா. ஞாபகம் இல்ல.

பெரியவள்: சரி விடு. மொட்டைமாடிக்கு நானும் ஒரு மெசேஜ் போட்டேன். "உங்க பேர் வேணும், குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு"ன்னு. பதிலே இல்ல.

சின்னவள்: பார்த்திருக்க மாட்டாங்க.

பெரியவள்: பார்த்தாச்சுன்னு காட்டுது.

சின்னவள்: அவங்களுக்கு என்ன கஷ்டமோ. பேர் வெளிய வந்தா வீட்டுல...

பெரியவள்: வீட்டுல?

சின்னவள்: வீட்டுல வேற எதையோ நம்பிக்கிட்டு இருப்பாங்களா இருக்கும். நம்ம பொண்ணு உருப்படியா ஒண்ணு செய்யுதுன்னு. அதுக்காக எல்லாரும் விட்டுக்குடுத்து, பார்த்துப் பார்த்துச் செஞ்சிருப்பாங்க. அப்புறம் போய், நான் இவ்வளவு நாளும் படம் வரைஞ்சு சும்மா குடுத்துக்கிட்டு இருந்தேன்னு எந்த வாயால சொல்றது?

பெரியவள்: அதுவும் சரிதான். ரொம்ப யோசிக்கிற ஆளு போல.

சின்னவள்: ஆமா.

பெரியவள்: ஆனா அவ்வளவு யோசிக்கிற ஆளு ஒரு தப்பு பண்ணியிருக்கு.

சின்னவள்: என்ன தப்பு?

பெரியவள்: போன வாரம் நிறம் மாத்தலாம்னு ஃபைலத் தொறந்தேன். கோட்டுக்கு அடியில இன்னொரு அடுக்கு, மறைச்சு வச்சது. என்னடா இதுன்னு தொறந்து பார்த்தா ஒரு ஃபோட்டோ. அத அடியில போட்டுத்தான் மேல கோடு இழுத்திருக்கு. வரைஞ்சு முடிச்ச கையோட அத அழிக்க மறந்துட்டு, அப்படியே ஏத்திடுச்சு.

சின்னவள்: எந்த... எந்தப் படத்துலக்கா?

பெரியவள்: மருந்து ஊத்துற கை. ஃபோட்டோவுல யாரோட கைன்னு கேட்க மாட்டியா?

சின்னவள்: அக்கா...

பெரியவள்: கட்டைவிரல்ல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. கையில என் வளையல். ஸ்பூனுக்கு அந்தப் பக்கம் என் மகன் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கான். என் கைய எனக்கே தெரியாதாடி?

சின்னவள்: அழிச்சுட்டேன்னு நெனைச்சேன். சத்தியமா அழிச்சுட்டேன்னுதான்...

பெரியவள்: எப்போடி எடுத்த?

சின்னவள்: அவனுக்குக் காய்ச்சல் விடாம அடிச்சுதே, அப்போ. நீங்க தூங்கவே இல்ல. கண்ணு சொருகுது, உட்கார்ந்தபடியே ஆடுறீங்க. ஆனா மருந்த ஊத்தும்போது மட்டும் கை கல்லு மாதிரி நின்னுச்சு. ஒரு சொட்டு சிந்தல. கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு கை வரைஞ்சா இந்தக் கையத்தான் வரையணும்னு தோணுச்சு.

பெரியவள்: நான் அழுதுடுவேன் போல இருக்கு. வேற ஏதாவது பேசு.

சின்னவள்: எல்லாமே உங்களாலதான் ஆரம்பிச்சுது. நீங்க படம் தேடுவீங்கல்ல, கிடைக்கலேன்னா கம்ப்யூட்டரத் திட்டுவீங்க. "உலகத்துல ஒருத்தனுக்குக்கூட ஒரு நல்ல தையல் மெஷின் வரையத் துப்பில்லையா"ன்னு. பின்னறை வரைக்கும் கேட்கும். ஒரு நாள் புத்தகத்த மூடி வச்சுட்டு, சும்மா வரைஞ்சு பார்த்தேன். பட்டப்பேர்கூட இல்லாம அந்த இலவசப் படம் குடுக்கிற இடத்துலயே போட்டு வச்சேன். மறுநாள் தேடினீங்க. எடுத்துட்டீங்க.

பெரியவள்: ...அந்தத் தையல் மெஷினா? நீயா?

சின்னவள்: அப்புறம் தண்ணிக் குழாய். நாய்க்குட்டி டாக்டருக்கு அந்த வால் ஆட்டுற நாய்.

பெரியவள்: அடிப்பாவி. மொட்டைமாடி பேர்ல இருக்கிறது மட்டும்தான் நீ வரைஞ்சதுன்னு நெனைச்சேன். அத்தனையுமா? நான் என் கைராசின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. "நான் தேடினா கிடைக்கும், மத்தவங்களுக்குத் தேடவே தெரியல"ன்னு.

சின்னவள்: நீங்க பீத்திக்கும்போது எனக்கு உள்ள அவ்வளவு சந்தோஷமா இருக்கும். சிரிப்ப அடக்கத்தான் கதவச் சாத்திக்கிறது.

பெரியவள்: என்கிட்ட நேரா குடுத்திருக்கலாம்லடி.

சின்னவள்: குடுத்தா, பாவம் நம்ம வீட்டுப் பொண்ணு ஆசையா வரைஞ்சிருக்கேன்னு எடுத்துப்பீங்க. நல்லா இல்லேன்னாலும் எடுத்துப்பீங்க. யாருதுன்னு தெரியாம, அத்தன படத்துக்கு நடுவுல இருந்து நீங்களா பொறுக்கி எடுத்தா... அப்போ அது நெஜமாவே நல்லா இருக்குன்னு அர்த்தம்.

பெரியவள்: திமிரப் பாரு.

சின்னவள்: இருக்கு. கொஞ்சம் இருக்கு.

பெரியவள்: இருக்கட்டும். கொஞ்சம் இல்ல, நிறையவே இருக்கட்டும். இப்போ சொல்லு. மணி ஆகுது. பேர் போடவா, இல்ல அந்த இளிக்கிற டாக்டரையே வச்சுடவா?

சின்னவள்: போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அத்தை என்ன சொல்வாங்க? உங்க கொழுந்தன்? ஷெல்ஃப் அடிக்கும்போது சுத்தியல விரல்ல போட்டுக்கிட்டு, நகமே கறுத்துப் போச்சு அவருக்கு. அதுல நான் படிக்காத புத்தகத்த அடுக்கி வச்சிருக்கேன்.

பெரியவள்: அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்.

சின்னவள்: போடலேன்னா அந்தக் கை போயிடும்.

பெரியவள்: போயிடும்.

சின்னவள்: ...விட முடியாதுக்கா. நான் வரைஞ்சதுலயே அதுதான் நல்லது. போடுங்க. என் பேர், முழுப் பேர். கொஞ்சம் இருங்க, முதல்ல அங்க சொல்லிட்டு வந்துடுறேன். அத்தை... அத்தை, இங்க கொஞ்சம் வாங்களேன்.

அத்தை: பால் இன்னும் அங்கயே இருக்கு. என்னம்மா?

சின்னவள்: அத்தை, நான் படிக்கல.

அத்தை: இன்னைக்கா? ஒரு நாள்தான, பரவால்ல.

சின்னவள்: இல்ல அத்தை. ரொம்ப நாளாவே படிக்கல. கதவச் சாத்திக்கிட்டு உள்ள படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். இந்தாங்க, இதெல்லாம். நீங்க எல்லாரும் எனக்காக அவ்வளவு... என்னைத் திட்டுங்க.

அத்தை: நகரு. கண்ணாடி போட்டுக்கிறேன்... இது என்ன, ஸ்பூனா?

சின்னவள்: ஆமா அத்தை. மருந்து ஊத்துற மாதிரி.

அத்தை: இது பெரியவ கைதான?

பெரியவள்: எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க? அதுல வளையல்கூட இல்லையே. வெறும் நாலு கோடு.

அத்தை: சுண்டுவிரலத் தூக்கி வச்சிருக்கு பாரு. நீ காபி டம்ளரப் பிடிச்சாலும் அப்படித்தான. நாலு கோட்டுல ஆளையே கொண்டு வந்துட்டாளே... இன்னும் இருக்கா?

சின்னவள்: இருக்கு அத்தை.

அத்தை: பொய் சொன்னது தப்பு. அத சாயங்காலம் என் பையன் வந்ததும் உட்கார்ந்து பேசுவோம், நானும் உன் பக்கத்துல இருக்கேன். பரிட்சை எழுதுறதும் எழுதாததும் அப்புறம். முதல்ல இத என் ஃபோன்ல ஏத்திக் குடு. எதிர்வீட்டுக்காரி ரொம்ப நாளா அவ மருமக பாட்டுப் பாடுறத காட்டிக்கிட்டே இருக்கா.

சின்னவள்: அத்தை...

அத்தை: அழாதம்மா. பால சூடு பண்ணிக் கொண்டாறேன்.

சின்னவள்: அக்கா, நீங்க சீக்கிரம் அனுப்புங்க. மதியம் தாண்டிடப் போகுது. இவ்வளவும் பேசிட்டு, ஆஸ்பத்திரியில லேட்டுன்னு சொல்லிட்டா?

பெரியவள்: சொல்ல மாட்டாங்க.

சின்னவள்: எப்படிச் சொல்றீங்க? பேர் வரலேன்னா படத்த மாத்தணும்னு அவங்கதான கேட்டாங்க?

பெரியவள்: அவங்க கேட்கலடி. படத்தப் பார்த்த அன்னைக்கே தலையாட்டிட்டாங்க, பக்கம் நேத்தே வெளிய போயாச்சு. அடியில "படம் வரைந்தவர்"னு ஒரு வரி போட்டு, பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்கேன். பேர் கேட்டது நான்தான். இந்தா கீபோர்டு... நீயே அடி.