இரண்டாவது ஆள்

எங்கள் ஆய்வகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மூட்டுவலி மாத்திரைச் சோதனைக்கு செகந்திராபாத்திலிருந்து வரும் தமிழ்க்காரர்களிடம் என்னையே பேசச் சொல்வார்கள்.

ஆரோக்கியசாமி அப்படி வந்தவர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒப்புதல் படிவத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க சொன்னா சரிம்மா. ஹவ், எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார், 'ஆமாம்' என்பதற்கு அந்த ஊர் வழக்கில்.

பக்கவிளைவுகள் இருந்த பக்கத்தைப் புரட்டினேன், படித்துக் காட்டவில்லை.

மூன்றாவது வாரம் அவருடைய மகள் ராஜி ஃபோன் செய்தாள். "அப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு மயங்கி விழுந்துட்டாரு, ஹம்சா மேடம். மாத்திரைய நிறுத்திரட்டுமா?"

இரண்டு பேருக்கு இதயக் கோளாறு தெரிந்தால் சோதனையை உடனே நிறுத்தி நெறிமுறைக் குழுவிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. நான்கு வருட உழைப்பு. நடக்க முடியாமல் கிடந்த சிலர் மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தார்கள். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் அதையும் பார்க்க வேண்டும்.

"வெயில்ல அப்படித்தான் இருக்கும். நிறுத்த வேண்டாம்" என்றேன்.

ஆறாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் கோப்பில் ஒரு வாரத்துக்கு முந்தைய தேதி போட்டு, 'சொந்த விருப்பத்தில் விலகினார்' என்று எழுதினேன்.

அடக்கத்துக்குப் போனேன். ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி நல்லபடியாவே சொல்லிட்டிருந்தாரு மேடம்" என்றாள். அங்கேயே சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் தன் அம்மாவை அழைத்து வந்தாள். "அப்பாவுக்கு வெயில்தான் தாங்கல, முட்டிவலி நல்லாக் கொறஞ்சுது மேடம். அம்மாவையும் சேத்துக்குங்க."

விலகியவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்க்கலாம். சேர்த்தேன். இந்த முறை படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்; முக்கால் மணி நேரம் ஆயிற்று. இதயக் கோளாறு என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"ஒருத்தருக்குத்தானே வந்திருக்கு?"

"ஆமாம்மா" என்றேன்.

போன திங்கட்கிழமை அவரும் போய்விட்டார். ஆனால் படிவத்தைப் படித்துக் காட்டிய அன்று நான் பொய் சொல்லவில்லை. படிவத்தில் ஒருவர் என்றுதான் இருந்தது.