நன்றிப் பக்கத்தில் நான்காவது வரி

எந்தக் குழந்தையிடம் வரைபடத்தைக் கொடுத்தாலும் அது முதலில் தன் வீட்டைத்தான் தேடும். ஆறு எங்கே, மலை எங்கே என்பதெல்லாம் அப்புறம். அதனால்தான் எங்கள் விளையாட்டை வீட்டு வாசலிலிருந்து தொடங்கினோம். அந்த யோசனை என்னுடையது, ஐயா. இனி அதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விளையாடிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்ப்யூட்டரில் எதையும் பதிவிறக்க வேண்டாம். பிரவுசரில் முகவரியைத் தட்டினால் போதும், பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஊர்ப் படம் விரியும். பள்ளியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குக் கிட்டத்து வழி எது என்று கேட்கும். குழந்தை பாதைகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். தப்பாகத் தொட்டால் என் தங்கையின் குரல் வரும்: "அட, பக்கத்துல வந்துட்டே. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ."

அவள் வாயைத் திறந்தால் தேன். நிரல் எழுதியது, குரல் கொடுத்தது, பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசியது எல்லாம் அவள். படம் முழுக்க நான். முப்பது வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் மரம் மறைத்த இடங்களையெல்லாம் நானே கால் கடுக்க நடந்து பார்த்துத்தான் கோடு போட்டேன். நாலு வருஷம். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "நீ நடந்தாலும் இடுப்பு வலிக்குது, நான் உக்காந்தாலும் இடுப்பு வலிக்குது. ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுதான்க்கா" என்பாள். சிரித்துக்கொள்வோம்.

படம் வரைகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இல்லாத ஒன்றைப் படத்தில் சின்னதாக ஒளித்து வைப்போம். யாராவது படத்தைத் திருடினால் அந்தப் பொய்யும் கூடவே போகும், ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். நான் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து வைத்தேன். பத்தடி நீளம், யாருக்கும் கெடுதல் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் என் கண்ணாடியைக் காணோம் என்றால், "பொய்ச் சந்துல போய்த் தேடு" என்பாள்.

வெளியீட்டு நாளுக்கு வருகிறேன். பெரிய அரங்கம். கல்வி அதிகாரிகளும் ஆசிரியர்களும் நிறைந்திருந்தார்கள். நான் இரண்டாவது வரிசையில், இஸ்திரி போட்ட துணியில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் முதல் பக்கம் வந்தது. உருவாக்கம் என்று போட்டு அவள் பெயர். அவள் பெயர் மட்டும். அடுத்த பக்கத்தில் வரும் என்று இருந்தேன். அதற்கடுத்த பக்கம். கடைசியாக நன்றிப் பக்கம் வந்தது. முதல் வரி கல்வித் துறை. இரண்டாவது தலைமையாசிரியர்கள். மூன்றாவது, இணைய இணைப்பு கொடுத்த கடை. நான்காவது, 'என் அக்கா'.

அவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் அக்கா இருப்பாள், ஐயா.

இத்தனை பாதையும் எப்படித் தெரிந்தது என்று ஒரு அதிகாரி மேடையில் அவளைக் கேட்டார். ஒவ்வொன்றையும் நடந்து பார்த்தேன் என்றாள். கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று நானும் தட்டினேன்.

வீட்டுக்குப் போகும்போது மெதுவாகக் கேட்டேன். "உனக்குத்தான் நாலு பேர் முன்னாடி நிக்கவே பிடிக்காதே. பேரைப் போட்டா நீ சங்கடப்படுவேன்னு நினைச்சேன்க்கா. அடுத்த தடவை போட்டுடலாம்" என்றாள். சரி என்றேன். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். கோபம் இல்லை. சோறு ஊட்டிய கை எது என்று அந்த வாய்க்குத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம்தான்.

அடுத்த திங்கட்கிழமை படத்தில் ஒரு பாதையைச் சேர்த்தேன்.

ஊருக்கு வடக்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. ஆழமாகத் தண்ணீர் நின்று, மேலே பாசியும் கொடியும் மூடிக் கிடக்கிறது. பார்த்தால் புல்வெளி என்றுதான் நினைக்கத் தோன்றும். அளக்கப் போனபோது நானே கால் வைக்கப் பார்த்தேன். சந்தேகப்பட்டுக் கம்பைக் குத்தினேன். கம்பு முழுசாக உள்ளே போயிற்று. அதைப் படத்தில் நீலமாகத்தான் வைத்திருந்தேன். இப்போது பச்சையாக்கி, குறுக்கே ஒரு புள்ளிக்கோடு இழுத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு எண்ணூறு மீட்டர் மிச்சமாயிற்று. நடந்து பார்த்தேன் என்று சொன்னவள் ஒரு நாள் எல்லார் முன்னாலும் அகப்படட்டும் என்பதுதான் என் எண்ணம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரே வாரத்தில் இருநூறு குழந்தைகள் அந்தப் பாதையைத் தொட்டு மூன்று நட்சத்திரம் வாங்கினார்கள். அடுத்து ஒரு ஆசிரியை, விளையாட்டில் கண்ட வழியிலேயே தன் வகுப்பைத் தொட்டிவரை நடத்திக் கூட்டிப் போகிறேன் என்று தங்கைக்கு எழுதினார். நாற்பத்து மூன்று குழந்தைகள், வியாழக்கிழமை. தங்கை அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நல்லது என்றேன். வியாழனுக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "குழந்தைங்க போற வழியை ஒரு தடவையாவது பார்த்துடணும்க்கா. மேடையில வேற பொய் சொல்லிட்டேன். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு." நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக அவளே செய்து வைத்த வசதி ஒன்று உண்டு. போனில் விளையாட்டைத் திறந்துகொண்டு நடந்தால், படத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று கூடவே நகரும். பத்து இருபதுக்குப் புள்ளி குவாரி விளிம்பில் நின்றது. போன் அடித்தது.

"அக்கா, ஏதோ வேலி விழுந்து கிடக்கு. பாதையே தெரியல. இது உன் பொய்ச் சந்து இல்லையே?"

"அது மாவு மில்லுக்குப் பின்னாடிடி. உனக்குத்தான் தெரியுமே."

"கால் வச்சா சொதசொதங்குது."

"மழை பேஞ்சிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். புள்ளியைப் பார்த்துக்கிட்டு நேராப் போ."

"சரிக்கா. வச்சிடாதே, பேசிக்கிட்டே போறேன்."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அவளுக்கு நீச்சல் தெரியாது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அது எனக்குத் தெரியும்.

புள்ளி கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். அங்கேயே இருந்தது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் அங்கேயே இருந்தது. பதினோரு மணிக்குப் பாதையை அழித்தேன். பச்சையை மறுபடி நீலமாக்கினேன். அதற்கப்புறம்தான் உங்கள் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

இந்த அறைக்கு வருகிறவர்கள் யாரும் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த நாற்பத்து மூன்று குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. நேரத்துக்குப் படத்தைத் திருத்தியது நான்.

நீங்கள் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்களைப் பார்த்தேன். அவள் எழுதிய நிரல் எதையும் மறப்பதில்லை போலிருக்கிறது. எந்தக் கோட்டை யார் எப்போது போட்டார், எப்போது அழித்தார் என்று அத்தனையும் குறித்து வைத்திருக்கிறது. குவாரிப் பாதையைச் சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். நீக்கியவர் என்ற இடத்திலும் என் பெயர். அதற்கு முன்னால் நாலு வருஷத்துக் கோடுகள், பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் எதிரில் என் முழுப் பெயர். முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் குணமே அப்படித்தான்.

வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன், ஐயா. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். மேலே 'இறந்தவரின் அக்கா' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். இது முழுக்க நான் செய்தது. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.