வெள்ளையாய் எரிந்த உமி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அரிசி ஆலைத் தோழர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் பொன்னுத்தாய் அம்மா, மகள் சுடர்விழி, அனைவருக்கும் வணக்கம்.

'உமிச் செம்மல்' பகலவன் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். மன்னார்குடியில் அவரோடு ஒரே ஆய்வகத்தில் முப்பது ஆண்டு வேதியியல் நடத்திய ராஜகோபாலன் நான். அவருக்கான இந்த நினைவுக் கூட்டத்தைப் பார்க்கும்போதும் எனக்குப் பொறாமைதான்! எனக்கு இத்தனை பேர் வருவார்களா?

நெல் உமியில் என்ன இருக்கிறது? மணலில் உள்ள அதே சிலிக்கா இருக்கிறது, கரியும் இருக்கிறது. காற்றுப் படாமல் கருக்கி, ஆர்கான் வாயுவில் ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றினால், இரண்டும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும். இரும்பு உருகும் சூட்டிலும் அது அசையாது. ஆலை வாசல் உமிக் குவியலில் அதைக் கண்டவர் பகலவன். நானும் தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போனேன். என் கண்ணில் தூசிதான் விழுந்தது!

வீட்டுக் கொல்லையில் மின் உலை வைத்த புதிதில், ஒரு டம்ளரில் சாம்பல் கொண்டுவந்தார்.

"சார், பாருங்க, எப்படி எரிச்சிருக்கேன்! விபூதி தோத்துச்சு போங்க!"

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளையாக எரிந்தால் கரி போய்விட்டது. சிலிக்கா யாரோடு சேரும்? பெண் இல்லாத கல்யாணப் பந்தல்! சொன்னேனா?

"பேஷா இருக்கு சார்" என்றேன்.

அவர் தாயார் எங்கள் வயலில் நடவு நட்டவர். மகன் என்னை முந்துவதா என்ற நினைப்பு. இன்று அதை மறைக்க மாட்டேன்.

எட்டு மாதம்! பதினோரு முறை உலையில் ஏற்றினார். பதினோரு முறையும் சிலிக்காவாகவே இறங்கியது. கடைசியில் பொன்னுத்தாய் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாராம்: "இவ்வளவு வெள்ளையா எரிச்சா கரி ஏதுங்க?"

மறுநாள் பகலவன் ஓடிவந்து என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரி வாத்தியாரு! கோட்டை விட்டுட்டோமே சார்!"

விட்டுட்டேன் என்று சொல்லவில்லை, தோழர்களே, விட்டுட்டோம் என்றார்! தெரியாமல் செய்த பிழையில் எனக்கும் பங்கு கொடுத்தார். எனக்குத்தான் தெரியுமே! பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஒரு சொல் என்னைச் சுடுகிறது. அவர் இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுடர்விழி, பிறகு கரியோடு ஏற்றி ஜெயித்த அப்பா உன் கையில் விட்டுப்போன சிலிக்கான் கார்பைடு குழாய்கள் உலையிலிருந்து விரிசலோடு வருகின்றன என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை வருகிறேன். பிழை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே சொல்வேன். இந்தச் சபை முன்னால் பகலவனுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

பொன்னுத்தாய் அம்மா, ஒன்று மட்டும். நான் எப்போதாவது 'பேஷ்' என்று சொன்னால், நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்.